ஒரு கையெழுத்து வாங்கக் கடலூர் போனேன்

கடலூருக்கு ரயிலில் ஜம்மென்று போகலாம் என்று கோலாலம்பூரில் எனக்குச் சொன்ன ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் இறங்கி விசாரித்தால், அகலப் பாதை போடுவதற்காகத் தண்டவாளத்தையே பிடுங்கிப் போட்டிருக்கிறார்களாம். "எப்ப முடியும்?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். அவர் சிரித்தார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

அது 2008ஆம் வருடம், மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால். நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். வேர் தேடி, குலதெய்வம் தேடி வந்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஆட்கள் சேலம் பக்கம் என்பார்கள், அதுவும் உறுதியில்லை. நான் வந்தது கம்பெனி வேலையாக. ஓர் ஆளிடம் ஒரே ஒரு கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனி ஒரு மென்பொருள் விற்கிறது. பத்து ஊரில் பத்து பேர் உட்கார்ந்துகொண்டு ஒரே புரோகிராமை எழுதினால், யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடாமல் சேர்த்துக் கொடுக்கிற கருவி. நாங்கள் செல்லமாகப் பெட்டி என்போம். அருமையான சாமான், சம்பளம் வாங்குகிற வாயால் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கும். திறந்த மூலக்காரர்களுக்கு மட்டும் சும்மா கொடுப்போம். அவர்கள் யாரென்றால், தாங்கள் எழுதிய புரோகிராமை உள்ளும் புறமும் உலகத்துக்குக் காட்டி, "எடுத்துக்கோ, திருத்திக்கோ" என்று கொடுத்துவிடுகிற புண்ணியவான்கள். அவர்கள் எங்கள் பெட்டியைப் புகழ்ந்தால் பெரிய இடங்களில் வியாபாரம் நடக்கும்.

இதில் உள்ள கூத்தைப் பாருங்கள். எதையும் பூட்டக் கூடாது என்கிறவர்கள் எழுதுவதெல்லாம் எங்கள் பூட்டிய பெட்டிக்குள். பெட்டி எப்படி ஓடுகிறது என்று அவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது, அதுதான் நிபந்தனை. அவர்களிடம் இனிக்க இனிக்கப் பேசி, கோபித்துக்கொண்டு போகாமல் வைத்திருப்பது அப்போது என் உத்தியோகம். பத்து வருடமாகச் செய்துகொண்டிருந்தேன், சக்கரை வியாதி வராததுதான் ஆச்சரியம்.

கடலூரில் அருள்தாஸ் என்று ஓர் ஆள் பெட்டியைத் திறந்துவிட்டார். கம்ப்யூட்டரில் தமிழை வாய்விட்டுப் படிக்கிற ஒரு புரோகிராமை ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுதுகிறார்கள், கண் தெரியாதவர்களுக்காக. அந்தக் கூட்டத்தில் இவர் ஒருவர். பெட்டிக்குள் இருப்பதை வெறும் எழுத்து வரிகளாக வெளியே எடுக்கிற குட்டி புரோகிராம் ஒன்றை எழுதி, அதற்கு 'வாய்க்கால்' என்று பெயர் வைத்து, திருடினவர் பேசாமல் இருக்க வேண்டாமா, எங்கள் கம்பெனிக்கே ஒரு பிரதி அனுப்பியிருந்தார். மேலே ஒரு நன்றிக் கடிதம் வேறு! மேலதிகாரிக்கு ரத்தம் கொதித்தது. வக்கீல் எட்டுப் பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதினார். வாய்க்காலை அழிக்க வேண்டும், யாருக்கும் தரக் கூடாது, இனி அப்படி ஒன்றை எழுதவும் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வந்தால் பெட்டி இலவசமாகத் தொடரும். வராவிட்டால் மூடிவிடுவோம். நான்கு வருடமாக அவர்கள் எழுதியது, திருத்தியது, வாதாடியது எல்லாம் எங்கள் சர்வருக்குள்ளேயே கிடக்கும்.

ஆபீசில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஒப்பந்தத்தைத் தமிழில் பெயர்த்துப் பெட்டியிலும் ஏற்றினேன், பிறகு புரியவில்லை என்று சொல்லக் கூடாதே. "போய்ட்டு வா லா" என்றார் மேலதிகாரி, எங்கள் ஊர் இங்கிலீஷில்; அதில் எதற்கும் வாலாக ஒரு 'லா' உண்டு.

திங்கள் சாயங்காலம் கடலூர். மஞ்சக்குப்பத்தில் ஒரு லாட்ஜ். அறைக்குள் நுழைந்து ஃபேனைப் போட்டேன், அது மூன்று சுற்று சுற்றிவிட்டு நின்றது. கீழே ஓடி வந்து கேட்டால், "ஆறுலேந்து எட்டு கரண்ட் இருக்காதும்மா, நீங்க வெளில போயி காத்தாட நில்லுங்க" என்றார் மேனேஜர். எங்கள் ஊரில் கரண்ட் போனால் பத்திரிகையில் வரும். இங்கே அதற்கு டைம்டேபிள் இருக்கிறது, அதை ஜனங்கள் பஸ் நேரம் மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

வெளியே போனேன். ஒரு தள்ளுவண்டியில் இட்லியும் மீன் குழம்பும். காலையில் வைத்த குழம்பாம், அதனால்தான் ருசியாம். நான்கு இட்லி போதும் என்றுதான் உட்கார்ந்தேன். எத்தனை சாப்பிட்டேன் என்று எழுதினால் வீட்டில் படிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை அருள்தாஸைப் பார்க்கப் போனேன். ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் என்று மட்டும் தெரியும். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. நாற்பது வயதுக்குள் இருக்கும், தேய்த்த வெள்ளைச் சட்டை, காதில் ஹெட்போன், எதிரே சுவிட்ச் போர்டு. "ஐயா சீட்ல இல்லீங்க, டீ குடிக்கப் போயிருக்காரு, பத்து நிமிசம் கழிச்சிப் போடுங்க" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, முகத்தை என் பக்கம் திருப்பினார். பார்வை என் தோளைத் தாண்டிச் சுவரில் நின்றது.

அவருக்குக் கண் தெரியாது.

ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் பெட்டியின் புதிய பதிப்பு வந்தது. பழையதில் எல்லாம் எழுத்துக் கட்டளைகள், தட்டச்சு செய்தால் வேலை நடக்கும். புதியதில் அழகான ஜன்னல், வண்ணப் படங்கள், பட்டன்கள். அதற்குப் பிறகு இந்த ஆளிடமிருந்து ஐந்து கடிதங்கள் வந்தன. "புதிய ஜன்னல் எனக்குப் படித்துக் காட்டவில்லை" என்று. நான் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, ஏதோ பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, ஐந்துக்கும் ஒரே பதிலை வெட்டி ஒட்டி அனுப்பினேன். 'அடுத்த பதிப்பில் பரிசீலிக்கிறோம், அன்புடன் புனிதா.' கடிதங்களை ஒரு மூலையில் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. இவர் வாய்க்கால் வெட்டியது எதற்கு என்று இந்த மாடிப்படிக்குக் கீழேதான் எனக்குப் புரிந்தது.

"மலேசியா கம்பெனிலேந்து வர்றேன்" என்றேன். பேரைச் சொல்ல வாய் வரவில்லை.

"அட, வாங்க மேடம், வாங்க! ஒக்காருங்க. பிரயாணம்லாம் நல்லா இருந்துதா? அனுப்பிச்சனே, பாத்தீங்களா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். ஏதோ நான் பாராட்ட வந்தவள் மாதிரி.

"பார்த்தோம். ஆனா எதுக்கு எங்களுக்கே அனுப்புனீங்க?"

"பின்ன? எடம் ஒங்களுது. ஒங்க எடத்துல ஒக்காந்து நாங்க ஒரு நல்ல காரியம் பண்றோம், மொதப் பத்திரிக ஒங்களுக்கு வெக்காம யாருக்கு வெக்கறது? சொல்லாம கொள்ளாம செஞ்சா அவுங்க மனசு என்ன பாடுபடும்னு என் வொய்ஃபு கூட சொல்லிச்சு."

கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி வைத்திருக்கிறார், வெற்றிலை பாக்குதான் இல்லை. இதை நான் எந்த வாயால் வக்கீலுக்கு விளக்குவேன்? விஷயத்தைச் சொன்னேன். ஒப்பந்தம், வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது. நடுவில் மூன்று தடவை போன் வந்தது, மூன்றுக்கும் அதே மரியாதையோடு பதில் சொன்னார்.

"நாளைக்கு எனக்கு லீவு. வூட்டுக்கு வாங்க, சாப்ட்டுக்கிட்டே பேசலாம்" என்றார்.

புதன்கிழமை, கடலூர் முதுநகர். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் மீன் வாசனை முன்னால் வந்து வழி காட்டியது. அருள்தாஸின் மனைவி லூர்து வாசலிலேயே நின்றாள். "வாங்கக்கா" என்று கையைப் பிடித்தாள். "பசியாறியாச்சா?" என்று எங்கள் ஊர் வழக்கத்தில் கேட்டேன். அவளுக்கு அது புதுசாக இருந்தது, சிரித்துக்கொண்டே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் அருள்தாஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எங்கள் புதிய ஜன்னலைத் திறந்தார். அவர்கள் எழுதிய புரோகிராம் வாய்விட்டுப் படித்தது: "படம். பட்டன். படம். படம். பட்டன்." அவ்வளவுதான். அந்த ஜன்னலை வரைந்த பெண் என் பக்கத்து மேசை, மூன்று மாதம் கண் விழித்து வரைந்தாள், பரிசுகூட வாங்கினாள். இந்த வீட்டில் அது "படம், பட்டன்."

பிறகு வாய்க்காலை ஓட விட்டார். அதே பெட்டிக்குள்ளிருந்து வரிகள் வந்தன. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நேற்று ஒரு திருத்தம் செய்திருக்கிறார், அதன் காரணத்தை இரண்டு வரியில் சொல்லியிருக்கிறார், மெஷின் அதைத் தெளிவாகப் படித்தது. அருள்தாஸ் தலையை ஆட்டிக் கேட்டார். "இவரு சொல்றது தப்பு. கேக்க நல்லா இல்ல" என்று தட்டச்சு செய்து பதில் போட்டார். அந்தக் கூட்டத்தில் அவர் வேலை அதுதான். மெஷின் படிப்பது மனுஷர் பேசுகிற மாதிரி இருக்கிறதா என்று காதால் கேட்டுத் திருத்துவது.

எட்டுப் பக்க ஒப்பந்தத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். லூர்து அடுப்பங்கரையிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் அருள்தாஸ் கம்ப்யூட்டரை அணைத்தார்.

"போட்டுடறேன் மேடம்" என்றார். "எங்க புரோகிராமோட புதுப் பதிப்பு வருதுன்னு பேங்க் பரீட்சைக்குப் படிக்கற பார்வையில்லாத பசங்க காத்துக்கிட்டு கெடக்குறாங்க. எனக்காக எல்லாருக்கும் வேல நிக்கக் கூடாது. நான் ஒருத்தன் ஒதுங்கிக்கறேன்."

"ஒதுங்கி என்னா மாமா பண்ணுவ?" என்று லூர்து கரண்டியோடு வந்து நின்றாள். "நாலு வருசமா ஆபீஸ் வுட்டு வந்தா இதான் ஒனக்கு. இத வுட்டுட்டு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பியா?"

"பாக்க முடிஞ்சா பாக்க மாட்டனா" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"ஒண்ணே ஒண்ணு மேடம்" என்றார் என்னிடம். "சிதம்பரத்துல கௌரின்னு ஒரு பொண்ணு. இந்த வேலைக்கெல்லாம் அவதான் பொறுப்பு. அவகிட்ட ஒரு வார்த்த சொல்லாம நான் எதையும் பண்றதில்ல. நாளைக்கி அங்க வந்துடுங்க, நானும் வந்துடறேன்."

சங்கரா மீன் குழம்பு, நண்டு வறுவல், சோறு. லூர்து என் தட்டில் கோபத்தோடு பரிமாறினாள், ஆனால் குறைவில்லாமல் பரிமாறினாள். அந்தச் சாப்பாடு எனக்குத் தொண்டையில் நின்றது என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். பொய் சொல்லக் கூடாது, நன்றாக இறங்கியது. வெட்கம் பிறகுதான் வந்தது, ஆட்டோவில் திரும்பி வரும்போது, வழி நெடுக.

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரைக் கேட்டேன், "சிதம்பரம் போகுமா?" "போகும், ஏறும்மா" என்றார். ஏறினேன். ஒரு மணி நேரம் கழித்து வடலூர் வந்தது. வரைபடத்தில் வடலூர் வேறு திசையில் இருந்த மாதிரி ஞாபகம். "நேர் வழில போகாதா?" என்றேன். "அது நேர் வண்டிம்மா. இது சேத்தியாத்தோப்பு சுத்திக்கிட்டு போறது. நீ போகுமான்னுதான கேட்ட?" என்றார். நியாயம்தானே, வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்து சீட்டில் பரங்கிப்பேட்டை பாய் ஒருவர், வடலூரில் மகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து மலாய் பேச ஆரம்பித்துவிட்டார். பதினெட்டு வருடம் கோலாலம்பூரில் ரொட்டி போட்டவராம். சேத்தியாத்தோப்பில் பஸ் டயர் பஞ்சராகி நின்றபோது, "கவலைப்படாதீங்க தங்கச்சி, இன்னும் ஒரு மணி நேரம்தான்" என்று மலாயில் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னார். இறங்கும்போது, "அங்க மழை நேரத்துக்கு வருமே, அது ஒண்ணுதான் எனக்கு ஏக்கம்" என்றார்.

நான்கு மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்துச் சிதம்பரம் கீழ வீதி பக்கம் கௌரியின் கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்தால், அருள்தாஸ் சாவகாசமாக உட்கார்ந்து இட்லியும் கொத்சும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்ன மேடம், ஊரு சுத்திப் பாத்தீங்களா?" என்றார். தனியாக நேர் வண்டி ஏறி ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டாராம்.

கௌரிக்கு முப்பது வயதிருக்கும். என் முன்னாலும் ஒரு தட்டு வைத்தாள். கத்தரிக்காயைச் சுட்டுக் கடைந்த கொத்சு, சும்மா சொல்லக் கூடாது, அமிர்தம். நான் வாய் நிறைய வைத்திருந்த நேரமாகப் பார்த்து ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒங்க பெட்டிய இதுக்குள்ள கொண்டாந்ததே நான்தான், தெரியுமா? எங்காளுங்க பாதிப் பேரு வேணாம்னாங்க. பூட்டுன சாமான் நமக்கு எதுக்கு, ஒரு நாள் கழுத்தறுப்பாங்கன்னாங்க. நான் ஒரு மாசம் சண்ட போட்டேன். நல்ல கருவி, குடுக்குறவங்களும் நல்லவங்க, நமக்கு வேல ஆவணும்னு சொன்னேன். இப்ப அவுங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? நாங்க எழுதுறத ஒலகமே பாக்கலாம். எங்க அருளண்ணன் எழுதுனத அவரே கேக்கக் கூடாதுங்கறீங்க. இது எந்த ஊரு ஞாயம்?"

"கௌரி, சாப்புடறவங்ககிட்ட என்னா இது" என்றார் அருள்தாஸ். "மேடம் அவுங்க வேலையப் பாக்குறாங்க. நான் போட்டுடறேன்னு சொல்லிட்டேன்."

நான் கை கழுவிவிட்டு வந்து ஒப்பந்தத் தாளை எடுத்து வைத்தேன். பேனாவை அவர் விரலில் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"எட்டாம் பக்கத்துல ஒரு வரி படிச்சீங்களே நேத்து. 'இதை நானே முழுமையாகப் படித்துப் புரிந்துகொண்டேன்'னு. நான் படிக்கல மேடம், நீங்க படிச்சீங்க. பொய்க் கையெழுத்து நான் போட மாட்டேன், கவர்மெண்டு உத்தியோகம் பாக்குறவன். பெட்டியில தமிழ்ல ஏத்தியிருக்கன்னு சொன்னீங்கள்ல? அத நானே ஒருவாட்டி படிச்சிட்டுப் போட்டுடறேன்."

அவர் கேட்டதில் ஒரு குறையும் இல்லை. கௌரி எங்கள் புதிய ஜன்னலைத் திறந்து ஒப்பந்தம் இருக்கிற பக்கத்துக்குப் போனாள். மெஷின் படித்தது: "படம். பட்டன்."

மறுபடி முயன்றாள். "படம். பட்டன்."

பிறகு அருள்தாஸ் ரொம்பத் தயங்கி, "மேடம், வாய்க்காலப் போட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

நான் "ம்" என்றேன். வாய்க்கால் ஓடியது. நான் கோலாலம்பூரில் உட்கார்ந்து பெயர்த்த தமிழை மெஷின் நிறுத்தி நிதானமாகப் படித்தது. "வாய்க்கால் எனப்படும் கருவியை எக்காரணம் கொண்டும் பயன்படுத்த மாட்டேன். இதை நானே முழுமையாகப் படித்துப் புரிந்துகொண்டேன்."

முதலில் கௌரிதான் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். அருள்தாஸுக்கும் தொற்றிக்கொண்டது. "இப்பப் படிச்சிட்டேன் மேடம்! ஆனா இத வெச்சித்தான் படிச்சேன். கையெழுத்துப் போடணும்னா படிக்கணும், படிக்கணும்னா இது வேணும். என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"அருள், நீங்க எழுதுன அஞ்சு லெட்டரும் என் மேசைக்குத்தான் வந்துச்சு. நான் சரியாப் படிக்கல. கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு எனக்கு, ஆனா படிக்கல."

"தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"'அடுத்த பதிப்பில் பரிசீலிக்கிறோம், அன்புடன் புனிதா.' அஞ்சுவாட்டி கேட்டிருக்கேன். கடலூர்ல நீங்க பேர் சொல்லாம உள்ள வந்தப்பவே நெனச்சேன், அவுங்களாத்தான் இருக்கும்னு. வேற யாரா இருந்தா பேரச் சொல்லியிருப்பாங்கள்ல?" அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். மேலதிகாரிக்குப் போன் போட்டேன். கையெழுத்துக் கிடைக்காது, கேட்கவும் கூடாது என்று காரணத்தோடு சொன்னேன். அவர் காரணத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. "நாளைக்கு ஆறு மணிக்கு மூடுகிறோம்" என்று வைத்துவிட்டார்.

"ஆறுன்னா மலேசியா ஆறா?" என்றாள் கௌரி. "அப்ப நம்ம மூணரை. நாளைக்கி இங்க ரெண்டுலேந்து நாலு கரண்ட் இல்லக்கா."

வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சென்டரில் நான்தான் முதல் ஆள். அருள்தாஸ் மறுபடி லீவு போட்டு வந்திருந்தார், லூர்து கட்டிக் கொடுத்த புளிச்சோறோடு. மற்றவர்களையெல்லாம் கேட்டுச் சம்மதம் வாங்கவே கௌரிக்கு முந்தின ராத்திரி போய்விட்டதாம். வாய்க்கால் வழியாக நான்கு வருட வரலாற்றை ஒவ்வொரு மாற்றமாக வெளியே இழுக்க ஆரம்பித்தார்கள். நெட் நடக்கிற வேகத்தில் நான் கிள்ளானுக்கு நடந்தே போயிருக்கலாம். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பிறகு பொறுக்கவில்லை. "ஒவ்வொண்ணாக் கேக்காதீங்க. மாசம் மாசமாச் சேத்துக் கேளுங்க, பெட்டி சேத்தே குடுக்கும்" என்று சொல்லிவிட்டேன். கம்பெனிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. பெட்டி எங்களுடையது, உள்ளே இருந்தது அவர்கள் எழுதியது. பத்து வருடமாக எனக்கு இந்த வித்தியாசம் தெரியாமலா இருந்தது?

வேகம் கூடியது. ஆனாலும் இரண்டு மணிக்குக் கடைசி ஏழெட்டு மாதம் பாக்கி. இரண்டு அடித்தது, ஃபேன் நின்றது. இந்த ஊரில் நேரம் தவறாத ஒரே ஆசாமி மின்வெட்டுதான்.

யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்தியது. "இருவது நிமிசம்கூடத் தாங்காது அண்ணே" என்றாள் கௌரி.

"எதெல்லாம் ஓடுது அதுல?" என்றார் அருள்தாஸ்.

"சிஸ்டம், மோடம், மானிட்டர்."

"மானிட்டர் எதுக்கு, அதுதான் ஜாஸ்தி தின்னும். அத அமத்து. நவுந்துக்க, நான் ஒக்கார்றேன்."

அவள் அந்தப் பெரிய மானிட்டரை அணைத்தாள். அதற்கப்புறம் அந்த அறையில் எங்கள் நான்கு கண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. திரை இருட்டு. அருள்தாஸ் காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு தட்டினார். மெஷின் வந்து சேர்ந்த ஒவ்வொரு மாதத்தையும் சொல்லிக்கொண்டே போனது. மார்ச். ஏப்ரல். நடுவில் ஒன்று பிழை என்றது, அவர் பதறாமல் மறுபடி கேட்டு வாங்கினார். கௌரி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், மோதிரம் அழுத்தி வலித்தது, நான் விடச் சொல்லவில்லை. ஜூலை. ஆகஸ்ட். யூபிஎஸ் கத்துவது தொடர்ந்து ஒரே சத்தமாக மாறியது.

"முடிந்தது" என்றது மெஷின். அருள்தாஸ் சிஸ்டத்தை முறையாக அணைத்துவிட்டு, வேர்த்த கையைச் சட்டையில் துடைத்தார். மணி மூன்றுகூட ஆகவில்லை.

"புளிச்சோறு இருக்கு, வாங்க" என்றார்.

மூன்றரைக்குக் கம்பெனி சொன்ன சொல் தவறாமல் பெட்டியை மூடியது. ஊருக்குத் திரும்பியதும் மேலதிகாரி, "அவர்கள் நகல் எடுத்தார்களா, நீ பார்த்தாயா?" என்று கேட்டார். "நான் ஒன்றையும் பார்க்கவில்லை, அப்போது திரையே இல்லை" என்றேன். சத்தியமான வார்த்தை. என்னை இனிக்கப் பேசுகிற வேலையிலிருந்து தூக்கிப் பயிற்சிப் பிரிவில் போட்டார்கள். நல்லதாகப் போயிற்று.

மூன்று மாதம் கழித்து அவர்களுடைய புதுப் பதிப்பு வந்தது, எல்லாரும் பார்க்கக்கூடிய வேறோர் இடத்தில். வாய்க்காலும் கூடவே இருந்தது. கிள்ளானில் என் வீட்டுச் சமையலறையில் லேப்டாப்பை வைத்து, வாய்க்காலின் முதல் வரிகளைப் படிக்க விட்டேன். எங்கள் கம்பெனியின் பேரைச் சொல்லி, 'இடம் கொடுத்தவர்களுக்கு நன்றி' என்றது மெஷின். கதவைச் சாத்திய பிறகும் அந்த வரியை அந்த மனுஷர் எடுக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டேன்.

கேட்டதில் ஒரு குறை காதில் பட்டது. முற்றுப்புள்ளி வந்தாலும் மூச்சு விடாமல் அடுத்த வாக்கியத்துக்கு ஓடுகிறது. விவரமாக ஒரு கடிதம் எழுதி அருள்தாஸுக்கு அனுப்பினேன், என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் புகார்க் கடிதம். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

'அடுத்த பதிப்பில் பரிசீலிக்கிறோம். அன்புடன் அருள்தாஸ்.'

அதை மெஷினைப் படிக்க விட்டு ஐந்து தடவை கேட்டேன். அரை மணி நேரத்தில் இன்னொன்று வந்தது.

'சும்மா சொன்னேன்க்கா. சரி பண்ணியாச்சி, கேட்டுப் பாருங்க.'